ஒரு மொரிஸுக்குள் எத்தனை மொரிஸ்?

கல்யாண வீட்டு வாசலில் பூச் சோடித்த மொரிஸ் மைனர் ஒன்று வந்து நின்றால், மாப்பிள்ளையைப் பார்க்க முன்னமே நம் ஆட்கள் பொனட்டைத் தட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "நானா, இது ஒரிஜினலா?" காரின் சொந்தக்காரரும் கொஞ்சம்கூட யோசிக்காமல் "ஓம், முழுக்க ஒரிஜினல்" என்பார். இந்தக் கேள்வியும் சரியில்லை, அந்தப் பதிலும் சரியில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

எழுதக் காரணம் இருக்கிறது. நம்மூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து பழைய மொரிஸ் ஒன்றைத் திருத்தி எடுக்கிறார்கள். அந்த ஒன்றுக்காக வேறு இரண்டு மொரிஸ்களை வாங்கிப் பார்ட்ஸ் கார்களாக நிறுத்தியிருக்கிறார்கள். ஊருக்குள் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு. பழைய சாமானைப் பாதுகாக்கிறார்கள், பாராட்ட வேண்டும் என்று ஒரு சாரார். ஒன்றைக் காப்பாற்ற இரண்டை அழிப்பது என்ன பாதுகாப்பு என்று இன்னொரு சாரார். வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் எங்களிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். பதில் நீளமாகப் போய்விட்டது. தேநீரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் இந்தக் கார் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். இதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906இல் ஸ்மிர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தவர். 1922இல் போர் காரணமாக ஊரை விட்டு வெளியேறி இங்கிலாந்துக்கு வந்த குடும்பம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய சின்னக் கார் ஒன்றை வரையத் தொடங்கினார். அதற்குப் புதிதாக ஓர் எஞ்சின் செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். கம்பனி சம்மதிக்கவில்லை. கடைசியில் மொரிஸ் எய்ட் என்ற பழைய காரின் 918 சி.சி. எஞ்சினைத்தான் அதற்குள் வைத்தார்கள். ஆக, 1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் முதல் மொரிஸ் மைனர் வெளியே வந்தபோதே அதற்குள் இருந்தது வேறொரு காரின் இதயம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. உற்பத்திக்குப் போகிற கடைசி நேரத்தில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று இஸிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாட்டில் இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் கண்ணுக்குச் சரியாகப் படும்வரை தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குல இடைவெளியில் நிறுத்தினார். மொரிஸ் பொனட்டின் நடுவில் மேடாக ஒரு பட்டி ஓடுகிறதே, அது அந்த 4 அங்குலத்தின் அடையாளம். பம்பர்கள் பழைய அளவில் ஏற்கனவே செய்து முடிந்திருந்ததால், ஆரம்பக் கார்களில் பம்பரை நடுவில் அறுத்து ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். நம்ம டிங்கர் பாஸ்மார் செய்கிற வெட்டி ஒட்டுகிற வேலையை முதலில் செய்தது தொழிற்சாலையேதான்.

1952இல் மொரிஸும் அதன் நெடுநாள் போட்டிக் கம்பனியான ஒஸ்டினும் ஒன்றாகச் சேர்ந்தன. உடனே ஒஸ்டின் ஏ30 காரின் 803 சி.சி. எஞ்சின் மொரிஸுக்குள் வந்தது. நேற்றுவரை எதிரியாக இருந்தவனின் எஞ்சின்! அதே குடும்ப எஞ்சின்தான் 1956இல் 948 சி.சி. ஆகவும், 1962இல் 1,098 சி.சி. ஆகவும் வளர்ந்தது. 1956இல் இன்னொரு மாற்றமும் வந்தது. நடுவில் கம்பியோடு இரண்டு துண்டாக இருந்த முன் கண்ணாடி ஒரே கண்ணாடியாகியது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடிந்தபோது மொத்தம் 16 இலட்சத்தைத் தொட்டிருந்தது.

எஞ்சின் ஒரே குடும்பம் என்பதைக் கவனத்தில் வையுங்கள். இந்தக் கார் இத்தனை வருடம் பிழைத்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். 1965ஆம் ஆண்டுக் காரின் எஞ்சினை 1957ஆம் ஆண்டுக் காருக்குள் பெரிய தச்சுவேலை இல்லாமல் இறக்கலாம். முன் பிரேக் டிரம்மும் 1962க்குப் பிறகு 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகியது. அதையும் பழைய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லாமே அப்படிப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கதவுக் காரின் கதவு நான்கு கதவுக் காருக்குச் சேராது, நீளம் வேறு. இரட்டைக் கண்ணாடிக் காரிலிருந்து ஒற்றைக் கண்ணாடிக் காருக்கு முன் கண்ணாடி எடுக்க முடியாது, கூரைத் தகட்டின் வெட்டே வேறு. இது தெரியாமல் பார்ட்ஸ் கார் வாங்கித் தலையில் கை வைத்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள்.

இனி இலங்கைக்கு வருவோம்.

1950களில் மொரிஸ் மைனர் இங்கே வைத்தியர்மார், எழுதுவினைஞர்மார், தோட்டத்துரைமாரின் கார். மாஸ்டர்மார் வாங்கிய கார்கூட. (சம்பளத்தில் கார் வாங்கிய ஆசிரியர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள் என்பதையும் வரலாற்றுப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.) கொழும்பில் மஞ்சள் கூரையோடு ஹயர் கார்களாகவும் ஓடின. அன்றைய இலக்கத் தகட்டில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளில் இரண்டு இருக்கும்: சி.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று. பிறகு 1956இல் தனிச் சிங்களச் சட்டம். அதைத் தொடர்ந்து வாகனத் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. 1957 ஜனவரியிலேயே எதிர்ப்புத் தொடங்கியது. 1958இல் அந்த எழுத்தோடு அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே சிங்கள எழுத்தின் மீது தார் பூசினார்கள். தெற்கில் பெயர்ப் பலகைகளின் தமிழ் எழுத்தின் மீது தார் பூசினார்கள். அதே ஆண்டு மே மாதம் கலவரம். தரம் 11 பிள்ளைகள் 1956, 1958 என்று இந்த ஆண்டுகளைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஈ.என். தகடு உள்ள ஒரு காரையும் 1 ஸ்ரீ தகடு உள்ள ஒரு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் அந்தப் பாடம் மறக்காது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றே போனது. உதிரிப் பாகங்களுக்கும் அனுமதிப்பத்திரம், கோட்டா, காத்திருப்பு. அந்த நிலை கூடிக் குறைந்து 1977 வரை நீடித்தது. பதினைந்து வருடத்துக்கும் மேல் ஒரு நாடு தன்னிடம் ஏற்கனவே இருந்த கார்களை வைத்தே ஓட வேண்டியிருந்தது. இன்று "டோனர்" என்று யூடியூப் பார்த்துப் பேசுகிற வேலை அன்று பொழுதுபோக்கு அல்ல, வேறு வழியில்லாமல் செய்தது. ஒரு மொரிஸ் விபத்தில் சிக்கினால் மூன்று மொரிஸ்காரர்கள் விசாரிக்க வருவார்கள். சுகம் விசாரிக்க அல்ல!

கழற்றுவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்ததாகப் பழைய பாஸ்மார் சொல்வார்கள். முதலில் பெட்டரி, டயர், டைனமோ, காபரேட்டர். இவையெல்லாம் அடுத்த நாளே போய்விடும். பிறகு கியர் பொக்ஸ், பின் அச்சு. பிறகு ஸ்டியரிங், கண்ணாடி, கதவு, விளக்கு. பின் சீற் கராஜ் வாசலில் வாங்காகிவிடும். வெறும் கூடு கடைசியில் கோழிக் கூடாகவோ இரும்புக்காரருக்கோ போகும். பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் பெயர் வந்தது இந்தக் காலத்தில் வளர்ந்த வியாபாரத்தால்தான். நம் சமூகத்து வியாபாரிகள் பலர் அங்கே ஒரு தகரத் துண்டைத் தொட்டுப் பார்த்தே எந்தக் காரின் எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். அந்த அறிவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் கொடுக்கவில்லை. கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்தார்கள், வார்த்தார்கள், வேறு காரின் சாமானை அராவிப் பொருத்தினார்கள்.

1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பான் வாகனங்கள் வந்து இறங்கின. மொரிஸின் மதிப்பு விழுந்தது. பலர் மொரிஸ் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டட்சன் எஞ்சினைப் போட்டார்கள். எண்ணெய் ஒழுகாது, இழுவை அதிகம், பார்ட்ஸ் மலிவு. அவர்களைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை, வேலைக்குப் போக வேண்டிய மனிதருக்கு நூதனசாலை தேவையில்லை. ஆனால் அன்று கராஜ் மூலையில் மழையில் போட்ட அதே எஞ்சின்களைத்தான் இன்றைய இளைஞர்கள் மாவட்டம் மாவட்டமாகத் தேடித் திரிகிறார்கள்.

வடக்கில் வேறு கதை நடந்தது. 1990களின் யுத்த காலத்தில் அங்கே பெற்றோலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் தடை. மொரிஸும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினைக் கிளப்ப மட்டும் காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும், பிஸ்டன் வளையங்களும் பெயாரிங்குகளும் தேய்ந்துவிடும். அங்கே ஒரு காரை ஓட வைக்க எத்தனை எஞ்சின்கள் தீர்ந்தன என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் விட்டு வந்தவற்றில் வீடு, கடை, பள்ளிவாசல் மட்டுமல்ல, காரும் லொறியும்கூட இருந்தன. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் பலர் இரும்பு வியாபாரமும் லொறித் தொழிலும் செய்தவர்கள் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

இதே 1990களில் தெற்கில், காலிப் பகுதியில், மொரிஸ் மைனரின் தகடுகளைப் புதிதாகச் செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள். அங்கே பாத் நகரில் மொரிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர் அதற்குப் பின்னால் இருந்தார். காரை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதைவிடத் திருத்தித் திருத்திப் பல தசாப்தம் பாவிப்பதே இலாபம் என்று 1980களில் ஒரு நூலே எழுதிய மனிதர். கார் செய்த நாட்டுக்குக் கார் வாங்கிய நாடு தகடு அனுப்பியது! பற்றாக்குறைக் காலம் நம் பாஸ்மாரின் கைக்குக் கொடுத்த பயிற்சிக்கும் இதில் பங்கு உண்டு என்பது எங்கள் எண்ணம்.

பிரித்தானியாவிலும் மொரிஸ் மைனருக்கு உறுப்புக் கொடுக்க ஒரு கார் இருந்தது. அதுதான் இந்தக் கதையிலேயே பரிதாபமான பகுதி. 1971இல் மைனரின் இடத்துக்கு மொரிஸ் மரினா என்ற புதுக் கார் வந்தது. செலவைக் குறைக்க மைனரின் முன் சஸ்பென்ஷன் முறையையே அதற்குள் வைத்தார்கள். எஞ்சினிலும் அதே குடும்பம், 1,275 சி.சி. ஆக வளர்ந்தது. பாகங்கள் ஒத்துப்போனதால் மைனர் பிரியர்கள் மரினாவின் டிஸ்க் பிரேக்கையும் எஞ்சினையும் கழற்றித் தங்கள் மைனர்களுக்குப் போட்டார்கள். மரினாவை யாரும் நேசிக்கவில்லை, கறளும் விடவில்லை. எட்டு இலட்சம் விற்ற காரில் இன்று வீதியில் எஞ்சியிருப்பது சில நூறுதான் என்கிறார்கள். பிள்ளையின் உறுப்பில் தகப்பன் ஓடிக்கொண்டிருக்கிறார்.

சரி, நம்மூர்க் காருக்கு வருவோம்.

திருத்துகிற கார் 1 ஸ்ரீ தகடு உள்ள நான்கு கதவுக் கார், 948 சி.சி. கூடு நல்லது, எஞ்சின் முடிந்துவிட்டது. மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, தகட்டுக் கூடுதான் அதன் எலும்பு. தரையின் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தில்தான் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் மாட்டியிருக்கின்றன. அது கறள் பிடித்தால் காரே சாய்ந்துவிடும். ஆகவே கூடு நல்லதாக உள்ள காரைத் திருத்துவதும், கூடு போய் எஞ்சின் நல்லதாக உள்ள காரைக் கழற்றுவதும் நியாயம். முதலாவது பார்ட்ஸ் கார் அப்படிப்பட்டதுதான்: 1,098 சி.சி., கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தது, தரை முழுக்க ஓட்டை. அதன் எஞ்சின், கியர் பொக்ஸ், முன் பிரேக், சில்லு மாட்டும் ட்ரனியன் எல்லாம் எடுத்தாகிவிட்டது. (ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் ஓடும்போதே முன் சில்லு மடிந்து விழும். மொரிஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே பாருங்கள்.) அந்தக் காரின் கூரையைச் சுரண்டியபோது பச்சைக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே மஞ்சள். கொழும்பில் ஹயர் ஓடிய கார்! அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை.

பிரச்சினை இரண்டாவது காரில். அது ஈ.என். தகடு, இரட்டைக் கண்ணாடி, திருப்பத்துக்குக் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் கைகாட்டி அப்படியே இருக்கிறது. 803 சி.சி. எஞ்சின். நம்மூர்த் தோட்டம் ஒன்றில் பலா மரத்தின் கீழ் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற கார். இதிலிருந்து 1 ஸ்ரீ காருக்கு எடுக்கக்கூடியது ஸ்டியரிங் பகுதியும் சில்லறைச் சாமான்களும்தான். கண்ணாடி சேராது, எஞ்சின் வேண்டாம். கிடைக்கிற கொஞ்சத்துக்காக இதை வெட்டி மிச்சத்தை இரும்புக்குக் கொடுப்பது நட்டக் கணக்கு என்பது எங்கள் அபிப்பிராயம். அதை அவர்களிடம் நேரடியாகவே சொன்னோம்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆகியது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை எங்கோ போய்விட்டது, கறள் பிடித்த பார்ட்ஸ் கார்களும் உட்பட. கடன்பட்டு வாங்கிய காரிலிருந்து காசை எடுக்கத்தானே வேண்டும்? அதோடு அந்த ஈ.என். காருக்குப் பதிவுப் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லாத கார் சட்டப்படி வீதிக்கு வராது. கழற்றுவதைத் தவிர வேறு என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

இதற்குள் இன்னொரு விடயமும் இருக்கிறது, பொதுவாகவே சொல்கிறோம். மொரிஸ் மைனரின் சசி இலக்கம் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கிறது. அதைக் கழற்றி வேறு கூட்டில் மாட்டி, செத்த காரின் புத்தகத்தில் வேறு காரை ஓட்டுகிற வேலை நாட்டில் நடக்கிறது. எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புது எஞ்சின் இலக்கத்தைப் பதிந்துகொள்ளலாம், அதற்கு வழி உண்டு. காரின் பெயரையே மாற்றுவதற்கு வழி இல்லை, அது மோசடி. நம் இளைஞர்கள் அந்த வேலைக்குப் போகவில்லை. 1 ஸ்ரீ காருக்கு எந்தக் காரிலிருந்து எது வந்தது என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதியோடு எழுதி வருகிறார்கள். கல்யாண வீட்டில் "ஒரிஜினலா?" என்று கேட்பவருக்கு இனி அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

பேசி முடிவானது இது: ஈ.என். காரை இந்த மாதக் கடைசி வரை வெட்ட மாட்டார்கள். அதற்குள் பதிவுப் புத்தகம் கிடைத்தால், அவர்கள் வாங்கிய விலைக்கே யாராவது அதை எடுத்துத் திருத்தலாம். ஸ்டியரிங்கை வேறு இடத்தில் தேடிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

காரின் முதல் சொந்தக்காரர் நம்மூரில் தபாலதிபராக இருந்தவர் என்பது மட்டும் உறுதி. பிறகு இரண்டு கை மாறியிருக்கிறது. எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கம் 4இல் முடிகிறது. உங்கள் மூத்தாப்பா, மூத்தம்மாவின் பெட்டிகளில் பழைய மோட்டார் புத்தகம், இன்சூரன்ஸ் கடதாசி, அல்லது அந்தக் காருக்கு முன்னால் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதா என்று இந்த வெள்ளிக்கிழமை ஒரு தடவை பாருங்கள். கிடைத்தால் எங்களிடமோ, சந்தியில் உள்ள கராஜிலோ கொடுங்கள். படத்தில் தகடு தெரிந்தாலே போதும், மிச்சத்தைத் திணைக்களத்தில் தேட முடியுமா என்று நாங்கள் போய்ப் பார்க்கிறோம்.